ஒண்ணு போதும்

சுதந்திர தினத்தன்று விண்வெளிக்குப் போகும் மூவரில் இளவேனிலும் ஒருத்தி. அதற்கு ஒரு வாரம் முன்பே, அவள் அம்மா சுகந்தியின் முகத்தைப் பதிவு செய்ய டிவிக்காரர்கள் கோவில்பட்டி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். சிரிப்பது ஒன்று, அழுவது ஒன்று. அன்றைக்குக் குடும்பத்தார் முகம் தேவைப்படும்போது, கையிருப்பில் இருப்பதை டிவி நிலையத்து இயந்திரமே எடுத்துப் போட்டுக்கொள்ளும்.

சுகந்தி சிரித்துக் கொடுத்தாள். "எம் பொண்ணு ஜெயிச்சுட்டா!" என்று கைதட்டினாள். அழச் சொன்னதும் எழுந்துவிட்டாள்.

"உசுரோட இருக்கிற பிள்ளைக்கு ஒப்பாரியா? ஒண்ணு போதும், கிளம்புங்க!"

சுதந்திர தினக் காலையில் தெருவே அவள் வீட்டு டிவி முன் கூடியிருந்தது. சட்டையில் கொடி, கையில் மிட்டாய். விண்கலம் எழும்பியதும் வாசலில் சரவெடி கொளுத்தினார்கள். அது வெடித்து முடிவதற்குள் திரை முழுக்க நெருப்பு.

சுகந்தி டிவியை நோக்கி ஓடினாள். திரை மாறியது. 'மூவரும் பலி' என்ற எழுத்துக்கு மேலே, வாய்கொள்ளாத சிரிப்போடு அவளே கைதட்டிக்கொண்டிருந்தாள்: "எம் பொண்ணு ஜெயிச்சுட்டா!"

போன் அடித்தது. இளவேனிலின் மாமியார்.

"எப்படி சம்பந்தி சிரிக்க முடியுது உங்களுக்கு? பெத்த வயிறுதானே அது?"