பலிபீடத்துக் கற்கள்

நகத்தால் சுரண்டினான். கொழுப்பு திரண்டு விரலோடு வந்தது.

பன்றிக் கொழுப்பு.

வெயிலில் உருகி, குளிரில் உறைந்து, பலிபீடத்தின் இடுக்கெல்லாம் மஞ்சளாகப் படிந்திருந்தது. அசரியாவுக்குக் குமட்டியது. மூக்கைத் தோளில் புதைத்துக்கொண்டான்.

யூதர்களின் எருசலேம் ஆலயம் அப்போதுதான் கிரேக்கர் கையிலிருந்து மீண்டிருந்தது. கறைபடாத குருக்களாகப் பார்த்து, சுத்தம் செய்ய உள்ளே அனுப்பியிருந்தார்கள்.

அசரியா அவர்களில் ஒருவன்.

எதிரே குனிந்து தேய்த்துக்கொண்டிருந்த யாக்கீம் இன்னொருவன்.

அவனைப் பார்க்கத்தான் அதிகம் குமட்டியது.

இந்தப் பீடத்தில் முதல் பன்றியை அறுத்தவன் யாக்கீம். கிரேக்கச் சிப்பாய்கள் கத்தியை நீட்டினார்கள், வாங்கிக்கொண்டான். தீட்டென்று அந்த இறைச்சியைத் தின்ன மறுத்த அசரியாவின் அண்ணனை அங்கேயே வெட்டிப் போட்டார்கள். மண்டபக் கூரையில் பதுங்கியிருந்து எல்லாவற்றையும் பார்த்தான் அசரியா. அவனுக்குத் தெரிந்தவரை, பார்த்தவர்களில் இன்று அவன் மட்டும்தான் மிச்சம்.

யாக்கீமின் விரல்களில் தோல் உரிந்திருந்தது. அப்படியும் தேய்த்தான்.

கறை போகவில்லை.

வெளியே பெரியவர்கள் வாதாடினார்கள். கடவுளுக்கென்று அடுக்கிய கற்கள், வீச முடியாது. பன்றி இரத்தம் குடித்த கற்கள், வைத்துக்கொள்ளவும் முடியாது. கடைசியில், ஆலய மலைமேல் ஒதுக்குப்புறமாக அடுக்கிவைப்பது என்று முடிவானது. என்றைக்காவது ஒரு தீர்க்கதரிசி வந்து சொல்லட்டும்.

பீடத்தைப் பிரித்தார்கள்.

ஒரு பெரிய கல்லின் இரு பக்கமும் அவர்கள் இருவரும் நின்றார்கள். அசரியா கை வைக்கவில்லை.

"நீ அறுத்ததை நான் பார்த்தேன்."

யாக்கீம் நிமிரவில்லை.

"என் மக கழுத்துல கத்தி வச்சிருந்தாங்க."

கூரையிலிருந்து அது தெரிந்திருக்கவில்லை.

"இப்ப எங்க அவ?"

"வீட்டுலதான் இருக்கா. என் கையால ரொட்டி வாங்க மாட்டா."

தலைமைக் குரு முற்றத்துக்கு வந்தார். புது எண்ணெயின் வாசம் அவரோடு வந்தது.

"எட்டு நாள் விளக்கேத்தப் போறோம். இனி வருசா வருசம், இதே நாள்ல. முதல் திரியை ஏத்த சுத்தமான கை ஒண்ணு வேணும்." யாக்கீமின் உரிந்த விரல்களைப் பார்த்தார். அவர் முகம் கனிந்தது. "உன்னை மாதிரி யாரும் பாடுபடலப்பா. நீயே வா."

அசரியா வாயைத் திறந்தான்.

நாற்றம்தான் உள்ளே போனது. மூடிக்கொண்டான்.

"வேற யாரையாவது கூப்பிடுங்க ஐயா," என்றான் யாக்கீம். "கல்லு இன்னும் கிடக்கு."

குனிந்து தனியாகவே கல்லைப் பற்றினான். அது அசையவில்லை.

குமட்டல் அடங்கவில்லை. அசரியா மறுமுனையைப் பிடித்தான்.