அத்தானின் ஜப்பான் வண்டி

“இன்னொரு தடவை திருப்பிப் பாருங்கப்பா! பிளேன் எனக்காக நிக்காது!”

முன்சீட்டில் இருந்த மகளின் குரல் அழுகைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அப்பா மறுபடி சாவியைத் திருப்பினார். வண்டி முனகக்கூட இல்லை. பின்சீட்டில் பெட்டிகளுக்கு நடுவே நசுங்கிக் கிடந்த அம்மா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வாசலில் நின்ற தையல்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வண்டிக்குள் இருந்தது அவருடைய அக்காவும் அத்தானும் அக்கா மகளும். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிற பெண்ணை வழியனுப்ப, கடையைக்கூடத் திறக்காமல் வந்திருந்தார்.

“நேத்தே டாக்ஸி சொல்லிடலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். யார் கேட்டீங்க?”

“நான்தான் மாமா அப்பா வண்டியிலதான் போவேன்னு அடம் பிடிச்சேன்” என்றாள் அவள்.

தையல்காரருக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. அத்தான் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்தப் பழைய ஜப்பான் வண்டியைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் போதும், கம்பெனி பிறந்த கதையிலிருந்து ஆரம்பித்துவிடுவார். “ஆதியில தறி செஞ்ச கம்பெனிப்பா அது. ஒரு நூல் அறுந்தாலும் தறி தானா நின்னுடும். அப்படிப் பார்த்துப் பார்த்து செஞ்சவன்தான் கார் செய்ய வந்தான்.”

அந்தப் பேச்சை நம்பித் தையல்காரரும் அதே கம்பெனி வண்டி ஒன்றை வாங்கினார். முதல் மழைக்கே கதவில் துரு. அடுத்து கியர் பாக்ஸ். அவர் வண்டி ஒர்க்‌ஷாப்பில் இருந்த நாள்தான் அதிகம். “தறி செஞ்சவன் தறியோட நின்னிருந்தா எனக்கு நல்ல துணியாவது கிடைச்சிருக்கும்” என்று அத்தானைச் சீண்டுவார். அத்தானும் விடமாட்டார். “ஓட்டத் தெரியாதவன் கையில குதிரையும் கழுதைதான்!” அன்று முழுக்க இருவரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

இன்று சண்டை போட நேரமில்லை. போன வருஷம் அக்கா வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டபோது, கைக்கு வந்த வேலையை உதறிவிட்டு வீட்டில் உட்கார்ந்த பெண் இவள். எத்தனையோ பேர் சொல்லியும் கேட்கவில்லை. இந்த வேலையும் கை நழுவினால் என்ன ஆவது?

“பேனட்டைத் திறங்க அத்தான். பேட்டரியா இருக்கும். பக்கத்து வீட்டு வண்டியிலேர்ந்து கரண்ட் குடுத்துப் பாக்கலாம்.”

“நீ ஒண்ணும் கை வைக்காதே!” அத்தான் வெடுக்கென்றார். “நேரம் ஓடுது. டாக்ஸியைக் கூப்பிடு.”

தையல்காரர் போனில் டாக்ஸிக்குச் சொன்னார். சொல்லி முடித்ததும், அதுவரை அடக்கி வைத்திருந்த பதற்றம் எரிச்சலாக வெடித்தது.

“ஊரெல்லாம் பெருமை பீத்துனீங்களே! பொண்ணு கிளம்புற அன்னிக்குப் பார்த்து எப்படிக் கழுத்தறுக்குது பாருங்க, உங்க தறி வண்டி!”

அத்தான் எகிறிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தார். அவரோ ஸ்டியரிங்கைத் தடவியபடியே, “ஆமாப்பா. ஓட்டை வண்டிதான். காலை வாரிடுச்சு” என்றார்.

தையல்காரருக்குச் சுருக்கென்றது. அத்தான் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை அவர் கேட்டதே இல்லை.

டாக்ஸி வருவதற்குள் மகள் தெருமுனைக்கும் வாசலுக்குமாகக் கால் தேய நடந்தாள். வந்ததோ சின்ன வண்டி. பெட்டிகள் போக இரண்டு பேருக்குத்தான் இடம் இருந்தது.

“அம்மா வரட்டும். நான் இருக்கேன்” என்றார் அத்தான்.

“ஏர்போர்ட் வரைக்கும்கூட நீங்க வரலையாப்பா?” அவள் அப்பாவைக் கட்டிக்கொண்டாள்.

“போம்மா. இந்த ஓட்டை வண்டியை ஒரு வழி பண்ணிட்டுப் போன் பண்றேன். ஏறு, ஏறு. நேரமாச்சு.”

டாக்ஸி தெருமுனை திரும்பி மறைந்தது. அதற்குப் பிறகும் அத்தான் கையை ஆட்டிக்கொண்டே நின்றார். தையல்காரருக்கு மனசு கேட்கவில்லை.

“வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க அத்தான். மெக்கானிக்கைக் கூட்டிட்டு வரவா?”

அத்தான் பேனட்டைத் தூக்கினார். உள்ளே கைவிட்டுத் துழாவி, பேட்டரியிலிருந்து கழன்று கிடந்த வயரை எடுத்து மாட்டி முறுக்கினார். பிறகு ஜன்னல் வழியாகக் கையை நுழைத்துச் சாவியைத் திருப்பினார். என்ஜின் ஒரே மூச்சில் உயிர்பெற்று, பூனை மாதிரி மெல்ல உறுமியது.

தையல்காரர் வயரையும் அத்தானையும் மாறி மாறிப் பார்த்தார். “நீங்களேவா கழட்டி வச்சீங்க? பெத்த பொண்ணைத் தெருவுல தவிக்க விட்டீங்களே, உங்களுக்கென்ன பைத்தியமா?”

அத்தான் வண்டியை அணைத்துச் சாவியை உருவினார். அதைக் கொடுப்பதற்குத் தையல்காரரின் கை எங்கே இருக்கிறது என்று தடவிப் பிடித்தார்.

“நேத்து டாக்டர் இனிமே ஸ்டியரிங்கையே தொடக்கூடாதுன்னுட்டார். கண்ணு போச்சுன்னு சொன்னா அவ போகமாட்டா, மாப்ளே. வண்டி போச்சுன்னு சொன்னேன், போயிட்டா.”