மாப்பிள்ளை விசாரித்த இடம்

மாப்பிள்ளைப் பையனைப் பற்றி சர்ச்சுக்குப் போய் விசாரித்தால் எவனும் நிஜம் சொல்ல மாட்டான். அதனால்தான் தாம்பரம் ஸ்டேஷன் எதிரே இருக்கிற பெரிய பாருக்குப் போனேன். நாலு ஊரில் கிளை போட்ட கம்பெனி அது. சுற்றுவட்டாரத்தில் குடிக்கிறவன் எவனும் அதைத் தாண்டி வீட்டுக்குப் போக மாட்டான்.

சப்ளையர் ஏழுமலையிடம் பையனின் போட்டோவை நீட்டினேன்.

“இவன் இங்க வருவானா? மறைக்காம சொல்லுடா. என் பொண்ணு வாழ்க்கை.”

“இந்த மூஞ்சிய நான் பாத்ததே இல்லண்ணா.”

நான் நம்பவில்லை. மேசை மேசையாகப் போய்க் காட்டினேன். ஒருத்தனுக்கும் தெரியவில்லை.

“சோடா குடிக்கக்கூட வந்ததில்லியா?”

“சத்தியமாண்ணா. கண்ண மூடிகினு பொண்ண குடு.”

மறுநாள் தரகர் தாவீது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

“இந்தச் சம்பந்தம் வேணாம்ட்டாங்கண்ணா.”

“ஏன்? என் பொண்ணுக்கு இன்னா கொறச்சல்?”

“பொண்ணு மேல ஒரு கொறையும் இல்ல. பையனோட அப்பாவும் உங்க போட்டோவ எடுத்துகினு அதே பாருக்குப் போயிருக்காரு.”

“ஏழுமலை இன்னா சொன்னான்?”

“ஒசத்தியாத்தான் சொல்லிகீறான். ‘தங்கமான மனுசன் சார், ஞாயித்துக்கிழமகூட லீவு போட்டதில்ல’ன்னு.”