முதல் ரத்தம்

தேவிகுளம் தேயிலைத் தோட்டத்தில் எந்தப் புது மெஷின் வந்தாலும், முதல் பிடி கொழுந்தை மானேஜர் துரைதான் போடுவார். எழுபத்தாறில் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ரத்த அணுக்களை எண்ணும் மெஷின் வந்தபோதும் அதே வழக்கம்தான். முதல் ரத்தம் துரையுடையதாக இருக்க வேண்டும் என்று கம்பவுண்டர் பங்களாவுக்குப் போய் வாங்கி வந்தார்.

லேபில் இருந்த வேலுத்தாய் அதை மெஷினில் வைத்தாள். பதினோராயிரத்தைத் தாண்டக் கூடாத வெள்ளை அணு, ஒரு லட்சத்து இருபதாயிரம் காட்டியது. மைக்ராஸ்கோப்பிலும் பார்த்தாள். ரத்தப் புற்றுநோய் மாதிரிதான் தெரிந்தது.

பங்களாவுக்கு ஓடினாள். "சார், உடனே வேலூர் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்புங்க!"

விஷயத்தைக் கேட்டுத் துரை சிரித்தார். "மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. திருப்பி அனுப்பிடலாம்."

"மெஷின் பொய் சொல்லாது சார். நானும் கண்ணால எண்ணிப் பார்த்துட்டேன். கூலி லயத்துல பொறந்தவ எண்ணினா தப்பாத்தான் இருக்கும்னு நினைக்கிறீங்களா? உசுரு போற விஷயம், சிரிக்கிறீங்க!"

துரை குரலைத் தாழ்த்தினார். "கத்தாதே. ஊசின்னா எனக்குப் பயம். அது என் ரத்தமே இல்லை. ரோஜாவுக்குத் தண்ணி ஊத்துறவன், சங்கையாவோ என்னமோ பேரு, ஆள் திடமா இருக்கானேன்னு அவன் கையை நீட்டச் சொன்னேன்."

வேலுத்தாய் திரும்பினாள். ரோஜாப் பாத்தியில் நின்ற அவள் அப்பா, பஞ்சு ஒட்டிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கண்ணைச் சிமிட்டினார்.

"என்ன தாயி, தொரை ரத்தம் எப்பிடி? சுத்தமா இருக்கா?"