காளான் கட்சி

அகில உலக அறிவுலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த அந்தச் சொற்பொழிவு கல்லூரிக் கலையரங்கில் நடந்தது. பொன்னாடைகள் போர்த்தி முடிக்கவே பாதி மாலை போய்விட்டது. காளானையும், வடகடலில் பூண்டோடு அழிந்துபோன கடற்பசு இனத்தையும் ஒப்பிட்டுப் பேச வேண்டியவர் விலங்கியல் பேராசிரியர் சுயம்புலிங்கம். கடற்பசு அவருடைய ஆராய்ச்சி. காளான், அதே கல்லூரியில் பேராசிரியையாக இருந்த அவர் மனைவி உலகம்மையுடையது. அவள் இறந்து ஒரு வருடம் ஆகிறது. இருந்தவரை சாப்பாட்டு மேசையில் தினமும் இதே சண்டைதான்.

“எங்காளான் வாடிப்போனாலும் அடுத்த மழைக்கு வந்து நிக்கும். உங்க பசு வருமா?” என்பாள்.

அவருக்குப் பதில் கிடைத்ததே இல்லை. இன்றாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தார்.

மேடையேறியதும் பேனரைப் பார்த்தார். அச்சகத்தில் இரண்டு வார்த்தைகள் இடம் மாறியிருந்தன: ‘அழிந்த பேராசிரியை உலகம்மை நினைவுச் சொற்பொழிவு – காளானும் மறைந்த கடற்பசுவும்.’

பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. கல்லூரிச் செயலாளர் வியர்த்துப்போய் ஓடிவந்தார். “ஐயா, மன்னிக்கணும். இப்பவே கழட்டச் சொல்லுதேன்.”

“இருக்கட்டும்யா. சரியாத்தான் போட்டிருக்கான்.”

சுயம்புலிங்கம் எழுதி வந்த உரையைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, “இத்தனை வருஷமா காளான் கட்சியில இருந்தா. கடைசியில எங்கட்சிக்கு வந்துட்டா” என்றார். மைக்கைச் செயலாளர் கையில் கொடுத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினார்.

கூட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் காளான் பஜ்ஜி கொடுத்தார்கள். உப்பு கொஞ்சம் கம்மி.