லைன்ல யாரு?

காலையில் சண்டை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பிப்போன புருஷன் செல்போனை எடுக்கவே இல்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, அவன் ஆபீசுக்கே போன் போட்டாள். கரண்ட் இல்லாமல் வீடு புழுங்கியது. மனசு அதைவிடப் புழுங்கியது.

“அவரா? லைன்ல இருக்காரும்மா,” என்றார் போனை எடுத்த கிளார்க்.

“முடிய ரொம்ப நேரம் ஆகுமாண்ணே?”

“தெரியலையே. நீங்க லைன்லயே இருங்க, கேட்டுட்டு வரேன்.”

ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டு அவர் போனார். போனவர் வரவே இல்லை. மன்னிப்புக் கேட்க நினைத்தவளுக்கு, நேரம் ஆக ஆக வீம்பு ஏறியது.

“ஹலோ... ஹலோ!” இது வேறு யாரோ.

‘அவரே வரட்டும். கண்டவங்ககிட்ட எல்லாம் நான் எதுக்குப் பேசணும்?’ வாயைத் திறக்காமல் இருந்தாள்.

உள்ளேயிருந்து அதிகாரி கேட்பது காதில் விழுந்தது. “லைன்ல யாராவது இருக்காங்களாப்பா?”

“கத்திப் பார்த்துட்டேன் சார். லைன்ல யாரும் இல்ல.”

“சரி, அப்ப போட்டுடறேன்.”

டொக்கென்று ரிசீவரை வைத்தார்கள்.

அவள் தலைக்கு மேலே மின்விசிறி மெல்லச் சுற்ற ஆரம்பித்தது.

“ஐயோ, லைன்ல ஆள் இருக்கு!” என்று கட்டாகிப்போன போனில் அலறினாள் லைன்மேன் பெண்டாட்டி.