சுருங்காத வாத்து

வாத்தின் கழுத்து மறுபடியும் சுளுக்கிக்கொண்டது.

அவள் தையல் மிஷினை நிறுத்தி வளையத்தைக் கழற்றினாள். வாத்தைச் சுற்றித் துணி, காய்ந்த நெல்லிக்காய் மாதிரி சுருங்கிக் கிடந்தது.

"அடியில கெட்டியா கேன்வாஸ் துணி வெக்காம தெச்சா சுருங்கத்தானுங்கம்மா செய்யும்" என்றாள் எம்பிராய்டரி டீச்சர் ஜெயசுதா. நேற்றும் இதையேதான் சொன்னாள்.

இவளும் வைக்கத்தான் நினைக்கிறாள். மிதியில் கால் பட்டதும் மறந்து தொலைக்கிறது. அவசரம். ஞாயிற்றுக்கிழமை பேத்திக்குப் பிறந்தநாள். அதற்குள் ஒரு வாத்தாவது கழுத்தை நிமிர்த்த வேண்டும்.

வகுப்பில் மற்றதெல்லாம் கல்யாணமாகாத பெண்கள். இந்த வயதில் இது எதற்கு என்று ஒருத்தி கேட்டாள்.

"சும்மாதான் கண்ணு."

சும்மாவாம். கோபிக்காரிதான் காரணம்.

கோபிக்காரி என்றால் மருமகளின் அம்மா. ஊர் கோபிசெட்டிபாளையம். பேத்தி மிருதுளாவுக்கு அம்மிச்சி. வருஷா வருஷம் கையாலேயே ஒரு கவுன் தைத்து அனுப்பிவிடுவாள். பிறந்தநாளன்று பிள்ளை அதைத்தான் போடும். ராத்திரி கழற்றவும் விடாது.

தலைவாரிப் பின்னி விடுவது இவள். மூக்குச் சிந்திவிடுவது இவள். ஸ்கூல் வேனுக்காக வெயிலில் நிற்பது இவள். புதன்கிழமை காய்ச்சலில் இவள் மடியிலேயே கிடந்த பிள்ளை, கண்ணைத் திறந்ததும் கேட்டது.

"அம்மிச்சி எப்ப வரும்?"

காய்ச்சல்காரப் பிள்ளையிடம் போய் வயிறு எரியலாமா? எரியக் கூடாதுதான். எரிந்தது.

மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்து, லைப்ரரியில் எடுத்துவந்த கதைப் புத்தகத்தை வாசித்துக் காட்டினாள். நரிக்கு ஒரு குரல், கரடிக்கு ஒரு குரல். தொண்டை கட்டிக்கொண்டது.

பிள்ளை கொட்டாவி விட்டது. "அம்மிச்சி புக்கு பார்க்காமயே சொல்லும்."

தனக்கென்று எடுத்த நாவல் அப்படியே கிடக்கிறது. அதில் ஒருத்தி திங்கட்கிழமையிலிருந்து பஸ் ஸ்டாண்டிலேயே நிற்கிறாள். அவளுக்கு பஸ் வர விடாமல் நடுவில் கோபிக்காரி வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

வெள்ளிக்கிழமை பார்சல் வந்தது.

மஞ்சள் கவுன். கழுத்தைச் சுற்றி முத்து முத்தாகக் கைவேலை. உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். ஒரு நூல் பிசிறு இல்லை. கண்ணாடிகூடப் போடாமல் தைக்கிறாளாம், பாவி.

வயிற்றுப் பக்கம் மட்டும் வெறுமனே இருந்தது.

சனிக்கிழமை எல்லோரும் கோயிலுக்குக் கிளம்பினார்கள். முழங்கால் வலிக்கிறது என்று அவள் நின்றுகொண்டாள். கார் தெருமுனை திரும்பியதும் முழங்கால் சரியாகிவிட்டது.

வீட்டு மிஷினில் உட்கார்ந்து, கவுனின் வயிற்றை வளையத்தில் மாட்டினாள். வளையம் சிக்கென்று பிடித்தது. ஒரு நாளும் இப்படிப் பிடித்ததில்லை.

வெள்ளை உடம்பு. ஆரஞ்சு அலகு. கறுப்புக் கண்.

வாத்து நிமிர்ந்து நின்றது. மருந்துக்குக்கூடச் சுருக்கம் இல்லை. இந்தத் தடவையும் கேன்வாஸ் வைக்க மறந்துபோனது அப்போதுதான் தெரிந்தது. கேன்வாஸாவது ஒன்றாவது! கை பழகிவிட்டது. போட்டோ எடுத்து டீச்சருக்கு அனுப்பினாள். 'கேன்வாஸ் இல்லாமலே' என்று அடியில் எழுதினாள்.

இனி இது கோபிக்காரி கவுன் இல்லை. வாத்துக் கவுன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோபிக்காரி வந்து இறங்கினாள். பிள்ளை ஓடிப்போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. இவள் காபி போடப் போனாள். சர்க்கரை கொஞ்சம் குறைத்தே போட்டாள்.

மருமகள் கவுனைப் பிள்ளைக்குத் தலைவழியே மாட்டினாள். தலை உள்ளே போயிற்று. பாதியில் முட்டிக்கொண்டு நின்றது.

"இருட்டா இருக்குது!" உள்ளேயிருந்து கத்தியது பிள்ளை.

கோபிக்காரி கவுனைக் கழற்றி உள்ளே கைவிட்டுப் பார்த்தாள். வாத்து முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

மகன் வாய்விட்டுச் சிரித்தான். மருமகள் சிரிப்பதற்கென்றே சமையலறைக்குப் போனாள்.

இவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "வாத்தைப் பிரிச்சுருங்க சம்பந்தியம்மா" என்றாள்.

வாத்தைப் பிரித்தால் கவுன் பிழைக்கும். வாத்து பிழைக்க வேண்டுமானால் கவுனின் பின்பக்கத்தை வெட்டித்தான் ஆக வேண்டும்.

கோபிக்காரி கத்தரிக்கோல் கேட்டாள். பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். கவுனைத் திருப்பிப் போட்டாள். தான் தைத்த பின்பக்கத்தை, வாத்தின் விளிம்பையொட்டி, வாத்தின் ஒரு நூல்கூட அறாமல் வெட்டினாள்.

முன்னால் வாத்து. பின்னால் வாத்து அளவுக்கு ஓட்டை.

"ஐ! ஜன்னல்!" ஓட்டையில் கையை விட்டு ஆட்டிக்கொண்டு பிள்ளை தெருவுக்கு ஓடியது. ஷிம்மி போட்டிருந்ததால் மானம் தப்பியது. "அப்பத்தா வாத்து, அப்பத்தா வாத்து" என்று பக்கத்து வீட்டில் காட்டிக்கொண்டிருப்பது கேட்டது.

காது குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. வெட்டியதிலும் கோபிக்காரியே ஜெயித்துவிட்டாளே என்று ஆற்றாமையாக இருந்தது.

செல்போனில் மெசேஜ் வந்தது. டீச்சர்.

'கேன்வாஸ் இல்லாம எப்படிங்கம்மா சுருங்காம வந்துச்சு?'

திரும்பி ஓடிவந்த பிள்ளையைப் பிடித்து நிறுத்தினாள். கவுனைத் தூக்கி, வாத்தின் அடியில் விரலை விட்டுத் தடவினாள். வெட்டிய மஞ்சள் துணி அங்கேயே இருந்தது. வாத்தோடு தைபட்டு, கெட்டியாக, வாத்தைப் பிடித்துக்கொண்டு.

தலை நிமிர்ந்தாள். கோபிக்காரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

'கை பழகிடுச்சு' என்று எழுதினாள். அழித்தாள்.

'அடியில துணி இருந்திருக்குது' என்று எழுதி அனுப்பினாள்.

யாருடைய துணி என்று எழுதவில்லை.